தொட்டு மூன்று வருடம் ஆன இணையதளம்: அப்படியே விடலாமா?

கேள்வி, ஜனவரி 18

எங்களுடையது மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சிறு தொழில். இணையதளம் போட்டு ஆறு வருடம் ஆகிறது, கடைசியாகத் தொட்டு மூன்று வருடம். முகவரி, போன் நம்பர், என்னென்ன வேலை செய்கிறோம் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கிறது. தொழிலும் மாறவில்லை, இடமும் மாறவில்லை. ஆனால் யாரைக் கேட்டாலும் "வாரம் ஒரு கட்டுரையாவது போடுங்கள், இல்லாவிட்டால் கூகுள் சீண்டாது, வாடிக்கையாளரும் நம்பமாட்டார்" என்கிறார்கள். மாறாத ஒன்றை எதற்காக மாற்ற வேண்டும்?

பதில், ஜனவரி 18, இரவு

தொழிலையும் பார்த்துக்கொண்டு வாரம் ஒரு கட்டுரை எழுதுவது நடக்கிற காரியமில்லை. மாதம் ஒன்று போதும். அதற்கும் நேரமில்லை என்றால் பக்கத்தின் அடியில் இருக்கும் வருடத்தையாவது மாற்றிவிடுங்கள். பழைய வருடத்தைப் பார்த்தால், மூடிவிட்டுப் போய்விட்டார்கள் போல என்றுதான் தோன்றும்.

ஜனவரி 19

நேற்று எழுதியதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். முதலில் அந்த வருடம்.

பக்கத்தின் அடியில் © குறியோடு வரும் காப்புரிமைக் குறிப்பில் இருக்கும் வருடம், முதலில் வெளியிட்ட வருடத்தைச் சொல்வதற்காக வந்தது. பெர்ன் என்னும் சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் அந்தக் குறிப்பே இல்லாவிட்டாலும் காப்புரிமை உண்டு. அமெரிக்காவிலும் 1989 மார்ச் 1 முதல் அப்படித்தான். ஆக, சட்டப்படி அந்த எண்ணுக்குப் பெரிய வேலை இல்லை. வாடிக்கையாளர்தான் அதைப் பார்த்து, இங்கே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று கணக்குப் போடுகிறார்.

நாங்கள் தையல் மிஷின் பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிறோம், நானும் என் கூட்டாளியும். எங்கள் தளத்தில் அந்த வருடம் தானாக மாறும்படி ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் போட்டிருந்தோம். ஜனவரி 1 பிறந்ததும் புது எண் வந்து உட்கார்ந்துவிடும். அதே பக்கத்தின் தலையில், "வரும் 14, 15 தேதிகளில் விடுமுறை" என்று ஓர் அறிவிப்பு. எந்த மாதம் என்று அதில் இல்லை. போட்டது நான்கு வருடத்துக்கு முன். மாதாமாதம் 13-ஆம் தேதி யார் வந்து பார்த்தாலும், நாளைக்கு இவர்கள் இருக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்திருப்பார். அடியில் இருந்த வருடமோ, எல்லாம் சரியாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. பழையது என்று தெரிந்தாலாவது ஒருவர் எச்சரிக்கையாகப் படிப்பார். புதுசு மாதிரி தெரிந்ததால் அந்த விடுமுறையையும் நம்பினார்கள்.

ஆகவே வருடத்தை மட்டும் மாற்றாதீர்கள். பக்கம் முழுக்கப் படித்துப் பார்த்தபிறகு மாற்றுங்கள்.

ஜனவரி 21

எதுவும் மாறவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன். நானும் பல வருடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தளத்தில் ஒரு விசாரணைப் படிவம் உண்டு. பெயர், போன் நம்பர், மிஷினின் மாடல், என்ன கோளாறு, அப்புறம் "அனுப்பு" பட்டன். அழுத்தினால் "நன்றி, ஒரு நாளுக்குள் அழைக்கிறோம்" என்று வரும். ஒருநாள் ஒரு அம்மா நேரில் வந்தார். கையில் மிஷின் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க இன்னும் நடத்துறீங்களா?" என்றார். இரண்டு தடவை படிவத்தில் எழுதினாராம், பதிலே இல்லையாம். மிஷினை வேறு இடத்தில் கொடுத்துச் சரிசெய்துவிட்டார். இந்தப் பக்கம் போகும்போது திறந்திருப்பதைப் பார்த்து ஆச்சரியமாகி உள்ளே வந்திருக்கிறார்.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினோம். படிவம் போய்ச் சேரும் மெயில் முகவரி, எங்களிடம் முன்பு வேலை பார்த்த ஒருவருடையது. அவர் விலகிப் பதினோரு மாதம். பெட்டி மட்டும் அப்படியே இருந்தது, திறந்து பார்க்க ஆளில்லை. கடவுச்சொல்லைக் கண்டுபிடித்துத் திறந்தால் நாற்பது கடிதம். ஒருவர் முதல் கடிதத்தில் மரியாதையாக எழுதியிருந்தார். அடுத்த வாரம், "பரவாயில்லை, நேரமிருந்தால் பதில் போடுங்கள்" என்று எழுதியிருந்தார். அதற்கடுத்து ஒன்றுமில்லை. அந்த இரண்டாவது கடிதத்தை என்னால் இன்றைக்கும் சும்மா படிக்க முடியாது.

நாங்கள் எதையும் மாற்றவில்லைதான். வேலை பார்த்தவர் போய்விட்டார், தளத்துக்கு அது தெரியாது, அவ்வளவுதான். தளம் அப்படியே இருக்கும். அதைச் சுற்றி இருப்பதெல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

ஜனவரி 21, கொஞ்ச நேரம் கழித்து

நாற்பது என்று ஞாபகத்தில் எழுதிவிட்டேன். குறித்து வைத்த நோட்டை எடுத்துப் பார்த்தேன்: நிஜமான விசாரணை 31, மிச்சம் ஸ்பேம். அந்த 31 பேரையும் அழைத்தோம். ஒன்பது பேர் எடுத்தார்கள். இரண்டு பேர் மிஷினைக் கொண்டுவந்தார்கள்.

ஜனவரி 24

இது என் சொந்த அனுபவம் மட்டும்தானோ என்று சந்தேகம் வந்து கொஞ்சம் தேடினேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பி.ஜே. ஃபாக் தலைமையிலான குழு, இணையதளத்தை மக்கள் எதை வைத்து நம்புகிறார்கள் என்று மூன்று வருடம் ஆராய்ந்து, 2002-இல் பத்து வழிகாட்டிக் குறிப்புகளாகத் தொகுத்தது. 4,500 பேருக்கு மேல் அந்த ஆய்வுகளில் பங்கெடுத்திருக்கிறார்கள். எட்டாவது குறிப்புதான் நம் கேள்விக்கு உரியது: அடிக்கடி புதுப்பியுங்கள், குறைந்தது சமீபத்தில் சரிபார்க்கப்பட்டது என்றாவது காட்டுங்கள்.

அந்த இரண்டாவது பாதியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. புதுசாக எழுத ஒன்றும் இல்லாதவருக்கு அதில் வழி இருக்கிறது. "இந்தப் பக்கத்தில் உள்ள நேரமும் நம்பரும் இந்தத் தேதியில் சரிபார்க்கப்பட்டன" என்று ஒரு வரி. கட்டுரையே வேண்டாம். ஆனால் அந்த வரியை எழுதுகிறவர் நிஜமாகவே சரிபார்த்திருக்க வேண்டும்.

அதே பட்டியலில் ஐந்தாவது, உங்களைத் தொடர்புகொள்வதை எளிதாக்குங்கள் என்பது. பத்தாவது, எவ்வளவு சின்னதாகத் தெரிந்தாலும் எல்லாவகைப் பிழைகளையும் தவிருங்கள் என்பது. இருபது வருடத்துக்கு மேல் பழைய பட்டியல். அப்போது ஸ்மார்ட்போன் எல்லாம் இந்த அளவுக்குக் கிடையாது. ஆனாலும் இந்த மூன்றில் ஒன்றுகூடப் பழசாகவில்லை என்பது என் எண்ணம்.

ஜனவரி 25

கூகுளைப் பற்றி முதலில் பதில் சொல்லாமல் தாண்டிவிட்டேன்.

கூகுள் புதுமைக்கு மதிப்புக் கொடுக்கிறது என்பது உண்மைதான். 2011 நவம்பரில் அதற்காகவே ஒரு மாற்றம் கொண்டுவந்து, தேடல்களில் சுமார் 35 சதவீதத்தை அது பாதிக்கும் என்று சொன்னார்கள். ஆனால் எந்தத் தேடலுக்கு என்று பார்க்க வேண்டும். விளையாட்டு முடிவு, தேர்தல், புது போன் போன்றவற்றுக்கு நேற்றைய பக்கம் வேண்டும். தையல் மிஷினில் அடி நூல் உருளையை வைக்கும் பாபின் கேஸை எப்படிச் சுத்தம் செய்வது என்று தேடுகிறவருக்கு ஐந்து வருடப் பக்கம் சரியாக இருந்தால் அதுவே போதும்.

இதில் நான் செய்த ஒரு தப்பையும் எழுதிவிடுகிறேன். எல்லாப் பக்கத்திலும் இன்றைய தேதியைத் தானாகப் போடும் ஒரு பிளகினை (தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருள்) ஒருவர் சொல்லி, கொஞ்ச நாள் வைத்திருந்தேன். பிறகுதான் கூகுளே எழுதிவைத்திருக்கும் வழிகாட்டலைப் படித்தேன். உங்கள் பக்கத்தை நீங்களே சோதித்துக்கொள்ள அதில் சில கேள்விகள் உண்டு. உள்ளே பெரிதாக எதுவும் மாறாதபோது, புதுசாகத் தோன்றுவதற்காகத் தேதியை மட்டும் மாற்றுகிறீர்களா என்பது அதில் ஒன்று. படித்த அன்றே கழற்றிவிட்டேன். தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் தளவரைபடக் கோப்பில் இருக்கும் "கடைசியாக மாறிய தேதி"யும் இப்படித்தான்: தொடர்ந்து உண்மையாக இருந்தால்தான் கூகுள் அதைக் கணக்கில் எடுக்கும்.

கூகுள் கண்டுபிடிக்குமா இல்லையா என்பது இருக்கட்டும். அந்தத் தேதியை நம்பி ஒருவர் பஸ் ஏறி வருவார் அல்லவா, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஜனவரி 30

உங்கள் தளத்தில் எதுவெல்லாம் கெட்டுப்போகும் என்று கேட்டிருந்தீர்கள். எங்களுக்குக் கெட்டுப்போனதைச் சொல்கிறேன், உங்களுடையது வேறாக இருக்கலாம்.

போன் நம்பரை மாற்றியபோது, அது எங்கெல்லாம் எழுதியிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் எழுத ஆரம்பித்தேன். நாலைந்து இடம் இருக்கும் என்று நினைத்தேன். பதினான்கு வந்தது. பக்கத்தின் தலையில் ஒன்று, அடியில் ஒன்று, தொடர்புப் பக்கம், வாட்ஸ்அப் பட்டனுக்குள், படிவம் அனுப்பும் நன்றிக் கடிதத்தில், கூகுள் மேப்பில், இரண்டு சமூக ஊடகக் கணக்கில், பில்லில், மெயிலின் அடியில் வரும் கையொப்பத்தில், இப்படி. கடைசியில் கண்டுபிடித்ததுதான் மோசம்: முகப்பில் இருந்த பேனர் படத்துக்குள்ளேயே நம்பர் எழுத்தாகப் பதிந்திருந்தது. படம் என்பதால் தேடினால் கிடைக்காது. கண்ணால் பார்த்தால்தான் தெரியும், தினமும் பார்ப்பதால் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்தக் காகிதம் இன்றும் சுவரில் ஒட்டியிருக்கிறது. நம்பரைப் படத்துக்குள் எழுதவே எழுதாதீர்கள். போனில் பார்க்கிறவரால் அதைத் தொட்டு அழைக்கவும் முடியாது.

அடுத்தது நேரம். தளத்தில் ஒரு நேரம், கூகுள் மேப்பில் வேறு நேரம், வாசல் பலகையில் இன்னொன்று. மூன்றில் எதை நம்புவது என்று வருகிறவர் யோசிக்கும்போதே நம்பிக்கை போய்விடுகிறது. விடுமுறை நாளுக்கு, கூகுளில் நம் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சிறப்பு நேரம் என்று தனியாகப் போட வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் தேதி கழிந்ததும் தானாகப் பழைய நேரத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் "வரும் 14, 15" மாதிரி தங்கிப்போகாது.

ஆட்களின் படம், நிறுத்திவிட்ட வேலை, கிடைக்காத உதிரிபாகம், இவற்றையும் பாருங்கள்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவர் பார்த்துவிட்டு வந்து எழுதியிருக்கிறார்: நம்பர், நேரம் எல்லாம் சரி. படிவத்தில் எழுதிப் பார்த்தால் மெயில் வரவே இல்லை. முகவரி ஓரத்தில் "பாதுகாப்பற்றது" என்றும் வருகிறது.

படிவம்: உங்கள் தளம் அனுப்பும் மெயிலுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம் அமைப்பு இருக்கிறதா என்று ஹோஸ்டிங்காரரிடம் (தளத்தைத் தன் கணினியில் வைத்து நடத்துபவர்) கேளுங்கள். இந்த மெயிலை அனுப்ப இந்தத் தளத்துக்கு உரிமை உண்டு என்று காட்டும் அடையாளச் சீட்டு மாதிரி அவை. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கண்டிப்பு காட்டுகின்றன. மூன்று வருடத்துக்கு முன் ஒழுங்காக வந்த மெயில், நீங்கள் ஒன்றுமே செய்யாமல் நின்றுபோக இது ஒன்றே போதும்.

"பாதுகாப்பற்றது": குறியாக்கம் இல்லாத எல்லாத் தளத்துக்கும் க்ரோம் 2018 ஜூலையிலிருந்து அப்படித்தான் காட்டுகிறது. குறியாக்கத்துக்கு வேண்டிய சான்றிதழ் உங்களிடம் இருந்து காலாவதியாகியிருந்தால் முழுப்பக்க எச்சரிக்கையே வந்திருக்கும். அதனால் சான்றிதழே இல்லை, அல்லது இருந்தும் எச்டிடிபிஎஸ் என்னும் குறியாக்கம் உள்ள முகவரிக்குத் திருப்பிவிடவில்லை. சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு வழியாக இலவசமாகக் கிடைக்கும், பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பட்டன்தான். ஆனால் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டோடு போடுங்கள். சான்றிதழின் ஆயுள் குறைந்துகொண்டே வருகிறது. 398 நாள் வரை இருந்த உச்சவரம்பை 2026 மார்ச் 15-இல் 200, 2027-இல் 100, 2029-இல் 47 நாள் என்று படிப்படியாகக் குறைப்பதாக 2025 ஏப்ரலில் முடிவானது. கையால் புதுப்பித்துக்கொண்டிருந்தால் ஒருநாள் மறந்தே தீருவோம்.

போட்டு முடித்ததும் முகவரி ஓரத்தில் பூட்டுக் குறி வருகிறதா என்று பாருங்கள்.

பிப்ரவரி 3

திருத்தம். பூட்டுக் குறி என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். க்ரோமில் 2023 செப்டம்பரிலேயே அதை எடுத்துவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் இரண்டு கோடும் வட்டமுமாக ஒரு குறி இருக்கிறது. பூட்டைப் பார்த்தவர்கள் தளமே யோக்கியமானது என்று எடுத்துக்கொண்டதுதான் காரணம். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். மோசடித் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். ஆக, "பாதுகாப்பற்றது" என்ற சொல் போய்விட்டதா என்று மட்டும் பாருங்கள்.

பிப்ரவரி 8

பழைய பக்கங்களை எல்லாம் அழித்துவிட்டுச் சுத்தமாக ஆரம்பிக்கப் போவதாகச் சொல்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

நான் அதைச் செய்தேன். தளத்தைப் புதுசாக்கிய உற்சாகத்தில், இனிமேல் பழுது பார்க்கப்போவதில்லை என்று முடிவெடுத்த பழைய மாடல்களின் பக்கத்தை ஒரேயடியாக நீக்கினேன். அந்தப் பக்கத்தில், கால்மிதி மிஷினுக்கு பெல்ட்டை அளந்து வெட்டி எப்படி மாட்டுவது என்று என் கூட்டாளி படம் வரைந்து விளக்கியிருந்தார். அது எத்தனை பேருக்குப் பயன்பட்டது என்று நீக்கியபிறகு வந்த போன்களில்தான் தெரிந்தது. சேமித்து வைத்த லிங்கைத் திறந்தால் 404, அதாவது பக்கம் இல்லை என்று வருகிறது என்று ஒருவர் வருத்தமாகச் சொன்னார். எங்களிடம் பேக்கப் இல்லை. நல்லவேளை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் ஒரு பிரதி கிடைத்தது. படத்தையும் அங்கிருந்துதான் மீட்டோம்.

இது எங்கும் நடப்பதுதான். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருடத்தில் திறக்க முடியாமல் போய்விட்டதாக அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது.

ஆகவே, தேவையில்லாத பக்கம் என்றாலும் முகவரியைச் சாகவிடாதீர்கள். அதே விஷயம் வேறு பக்கத்துக்குப் போயிருந்தால் 301 என்னும் நிரந்தரத் திருப்பம் போடுங்கள். வேலையையே நிறுத்திவிட்டால், "இதை இப்போது செய்வதில்லை, இந்தத் தேதியோடு நிறுத்திவிட்டோம்" என்று மேலே எழுதிவிட்டுக் கீழே இருப்பதை அப்படியே விடுங்கள். பழையது என்று சொல்லிவிட்டு நிற்கும் பழைய பக்கம் யாரையும் ஏமாற்றுவதில்லை.

ஜனவரி 19-இல் நான் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அழிக்கக் கிளம்பினீர்களோ என்று கவலையாக இருக்கிறது. நான் சொன்னது தேதி கழிந்த அறிவிப்பை. அதை எடுத்துவிடுங்கள், அதில் இரண்டாவது யோசனை இல்லை.

பிப்ரவரி 9

ஒன்று விட்டுப்போனது. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், யார் பெயரில், யார் மெயிலில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். எங்களுடையது தளம் வடிவமைத்துக் கொடுத்தவரின் பெயரில் இருந்தது. புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் எல்லாம் அவருக்குப் போனது, அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு காலையில் தளம் இல்லை. டாட் காம் முகவரி பதிவு நீங்கியபின் 30 நாள் மீட்புக் காலத்தில் இருக்கும், அதற்குள் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அது தாண்டினால் ஐந்து நாளில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் மீட்டோம். இப்போது என் பெயரில், இருவரும் பார்க்கும் மெயிலில் இருக்கிறது.

பிப்ரவரி 15

அப்படியானால் புதுசாக எதுவும் எழுதவே வேண்டாமா என்றால், அப்படியும் சொல்ல மனம் வரவில்லை. முதல் நாள் "மாதம் ஒன்று" என்றேன், அந்தக் கணக்கைத்தான் விடச் சொல்கிறேன்.

எங்கள் தளத்தில் "செய்திகள்" என்று ஒரு பகுதி இருந்தது. மூன்று பதிவு. முதலாவது தளம் தொடங்கிய அறிவிப்பு, இரண்டாவது புத்தாண்டு வாழ்த்து, மூன்றாவது மறுபடியும் புத்தாண்டு வாழ்த்து. அந்தப் பகுதியை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் "பட்டறையில் பார்த்தது" என்று வைத்தோம். சொல்ல ஒன்று இருக்கும்போது மட்டும் எழுதுவோம். நான்கு வரி, ஒரு படம், தேதி.

கடைசியாக எழுதியது இது: அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சிக்குகிறது என்று ஒரே வாரத்தில் மூன்று மிஷின் வந்தது. மூன்று பேரும் பாபினில்தான் கோளாறு என்று அதையே கழற்றிக் கழற்றி மாட்டியிருந்தார்கள். சிக்கு அடியில் தெரிந்தாலும் காரணம் பெரும்பாலும் மேல் நூலில் இருக்கும். அழுத்துபாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால், நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே போய் உட்காராது. பாதத்தைத் தூக்கிவிட்டு மறுபடி கோர்த்துப் பாருங்கள், சரியாகிவிட்டால் எங்களிடம் வரவே வேண்டாம்.

வரவே வேண்டாம் என்று எழுத என் கூட்டாளி முதலில் தயங்கினார். போட்டுவிட்டோம். அதைப் படித்துவிட்டு ஒருவர் அழைத்தார், அவர் மிஷின் சரியாகிவிட்டதாம், பக்கத்து வீட்டு மிஷினுக்கு டைமிங் (ஊசியும் கொக்கியும் சேர்ந்து இயங்கும் ஒழுங்கு) போய்விட்டது, எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டார்.

உங்கள் தொழிலிலும் வாரம் மூன்று பேர் கேட்கும் ஒரு கேள்வி இருக்கும். அதை எழுதுங்கள். அது எட்டு மாதத்துக்கு ஒன்றுதான் என்றால் எட்டு மாதத்துக்கு ஒன்று.

மார்ச் 1

இன்று மாதத்தின் முதல் நாள். எங்கள் சரிபார்க்கும் நாள். இருபது நிமிடம் ஆகும். எப்படிச் செய்கிறோம் என்று கேட்டதால் இன்று நடந்ததையே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டரில் பார்ப்பதில்லை. அதில் நிர்வாகியாக உள்நுழைந்திருப்பேன், வாடிக்கையாளர் பார்ப்பது வேறு. கூட்டாளி தன் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, கூகுளில் எங்கள் பெயரைத் தேடி, யாரோ ஒருவர் மாதிரி உள்ளே வந்தார். முகப்பை வாய்விட்டுப் படித்தார். நான் சுவரில் இருக்கும் காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தேன். நம்பரைத் தொட்டார், என் சட்டைப் பையில் மணி அடித்தது. படிவத்தில் "சோதனை, மார்ச் 1" என்று அனுப்பினார், மெயில் வந்தது. எங்கள் தளம் ஓடும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் இரண்டு பிளகினுக்குப் புது பதிப்பு வந்திருந்தது. பேக்கப் எடுத்துவிட்டு அவற்றைப் புதுப்பித்தேன், மறுபடி படிவத்தை அனுப்பிப் பார்த்தோம். புதுப்பித்தபின் படிவம் நின்றுபோன அனுபவம் உண்டு, அதனால் இரண்டாவது தடவை.

"எங்களைப் பற்றி" பக்கத்தில் கூட்டாளி படிப்பதை நிறுத்தினார். படத்தில் மூன்று பேர் நிற்கிறோம். மூன்றாமவர்தான் அந்த மெயில் பெட்டிக்காரர். மாதாமாதம் பார்த்தும் இருவருக்கும் உறைக்கவில்லை, எழுத்தை மட்டுமே படித்துக்கொண்டிருந்திருக்கிறோம். காகிதத்தில் பதினைந்தாவது வரியாக "படங்கள்" என்று சேர்த்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் ஜன்னல் பக்கம் வெளிச்சம் நன்றாக வரும், அப்போது புதுப் படம் எடுக்கிறோம். அதுவரை "கடைசியாகச் சரிபார்த்தது" தேதியை மாற்றாமல் வைத்திருக்கிறேன்.